விறகு அடுப்பு மேடைக்கு ஓரம் கட்டுவது எப்படி

டைல்ஸ் ஒட்டி முடித்து, அடுப்பையும் ஏற்றி வைத்த பிறகு 'இந்த ஓரத்தை என்ன செய்வது' என்று நிற்பவர்கள்தான் அதிகம். குளிருக்கு விறகு போட்டு அறையைச் சூடாக்குகிற இரும்பு அடுப்பையும், அது உட்காரும் மேடையையும் சொல்கிறேன், சமையல் அடுப்பை அல்ல. மேடையைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் கீழே பிளைவுட், அதன்மேல் சிமென்ட் போர்டு, அப்புறம் பசை, அதற்கும் மேலே டைல்ஸ் என்று அடுக்கு அடுக்காகத் தெரியும். வெட்டின டைல்ஸ் வெளிப்பக்கம் வந்திருந்தால் மேலே கருப்பு, வெட்டுமுகத்தில் செங்கல் நிறம் என்று இன்னும் கண்ணை உறுத்தும். ஒரு மரப்பட்டியை அடித்து மறைத்துவிடலாம் என்றுதான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள், அந்தப் பட்டி எங்கே வருகிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

மேடையின் ஓரம் என்பது தீ தாங்கும் இடம் முடிந்து தீப்பிடிக்கும் இடம் தொடங்குகிற கோடு. இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டியான அப்ரூவ்ட் டாக்குமென்ட் ஜே, மேடையின் எல்லை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றே கேட்கிறது. எல்லை தெரியாவிட்டால் நாளடைவில் கம்பளமோ விரிப்போ அடுப்பை நோக்கி நகர்ந்து வந்துவிடும் என்பதுதான் காரணம். அதனால் ஓரத்தை அழகுக்காக மட்டும் யோசிக்காதீர்கள். டைல்ஸ் வாங்குவதற்கு முன்பே, பிளைவுட்டை வெட்டுவதற்கும் முன்பே, ஓரம் எப்படி முடியப்போகிறது என்று தீர்மானித்துவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவை எங்கிருந்து எங்கே எடுப்பது

மேடை அடுப்பைத் தாண்டி எவ்வளவு நீள வேண்டும் என்பது அடுப்போடு வந்த கையேட்டில் இருக்கும். அதுதான் முதல் சட்டம், அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம். ஒரு அளவு மனதில் பதிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: கனடாவின் சிஎஸ்ஏ பி365 விதி, விறகு போடும் கதவுக்கு முன்னால் 450 மி.மீ., மற்ற பக்கங்களில் 200 மி.மீ. கேட்கிறது. மேலே சொன்ன இங்கிலாந்து வழிகாட்டி, கதவை மூடி மட்டுமே எரிக்கும் அடுப்புக்கு முன்னால் 225 மி.மீ., கதவைத் திறந்து வைத்தும் எரிக்கலாம் என்றால் 300 மி.மீ., பக்கங்களில் 150 மி.மீ. என்கிறது. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 211, சோதனைச் சான்று இல்லாத அடுப்புகளுக்கு எல்லாப் பக்கமும் 18 அங்குலம் கேட்கிறது. எண்கள் இப்படி இடத்துக்கு இடம் மாறும், உங்கள் ஊருக்கு எது பொருந்தும் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எண்கள் மாறினாலும், எல்லாமே தீப்பிடிக்காத பரப்புக்கான எண்கள். அதாவது மரப்பட்டி அதில் சேராது. நான் முதன்முதலில் செய்த மேடையில் இந்தத் தவற்றைத்தான் செய்தேன். 70 மி.மீ. அகல மரப்பட்டியின் வெளி ஓரம் வரை டேப் பிடித்து அளந்து, முன்பக்கம் சரியாக 450 வருகிறது என்று திருப்தியாக இருந்துவிட்டேன். உண்மையில் டைல்ஸ் 380-லேயே முடிந்திருந்தது. கதவைத் திறந்து கட்டையைத் தள்ளும்போது ஒரு கங்கு உருண்டு வந்து, டைல்ஸையும் பட்டியையும் பிரிக்கிற கோட்டின் மேலேயே நின்றது. எடுத்துப் போட்டுவிட்டேன், விரல் நகம் அளவுக்கு ஒரு கருகல் மட்டும் பட்டியில் தங்கிவிட்டது. அதைப் பார்த்த அன்றே பட்டியைப் பிடுங்கிவிட்டு ஒரு வரிசை டைல்ஸ் கூட்டினேன். தரையோடு சேர்த்து ஆணி அடித்து, பசையும் வைத்திருந்ததால் பிடுங்குவதே ஒரு முழு நாள் வேலையாகிவிட்டது.

ஆகவே டேப்பின் ஒரு முனை அடுப்பில், மறு முனை டைல்ஸ் அல்லது கல் முடிகிற இடத்தில். முன்பக்கம் என்றால் பெரும்பாலும் கதவுத் திறப்பிலிருந்து கணக்கு, ஆனால் எந்த இடத்திலிருந்து என்பதைக் கையேட்டின் படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சாம்பல் தட்டு முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் அதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதும் அதே படத்தில் இருக்கும். கேட்ட அளவுக்கு மேல் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. அடுப்பை வைக்கும்போது புகைக்குழாயோடு பொருத்துவதற்காக ஒரு விரல் அளவாவது நகர்த்த வேண்டியிருக்கும், அப்போது இந்தக் கூடுதல் கைகொடுக்கும்.

மரத்தை ஏன் இவ்வளவு விலக்கி வைக்கச் சொல்கிறேன் என்றால், கங்கு மட்டும் பிரச்சினை இல்லை. வருடக்கணக்கில் மிதமான சூடு படும் மரம் உள்ளுக்குள் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே வரும், நிறம் கறுக்கும், புது மரம் தீப்பிடிக்கிற வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும் நிலைக்கு வரும். இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது மூன்றாவது வருடத்துக்கு உத்தரவாதம் அல்ல. சரியான தூரத்தில் இருக்கிற பட்டிக்கு இந்தக் கவலையே இல்லை.

ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை பரப்பிப் பாருங்கள்

பசை கலக்குவதற்கு முன் டைல்ஸ் முழுவதையும் வெறுமனே பரப்புங்கள், இடைவெளிக்கு ஸ்பேசர் வைத்து. ஓரப்பட்டி எதுவோ அதன் ஒரு துண்டையும் கூடவே வைத்துப் பாருங்கள். வெட்டின துண்டுகள் சுவர்ப் பக்கம் போகட்டும், முன் ஓரத்தில் முழு டைல்ஸ் வரட்டும். கண்ணுக்கு எப்போதும் தெரிவது முன் ஓரம்தான்.

பிளைவுட் பெட்டி சதுரமாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிட வேண்டும். எதிர் எதிர் மூலைகளுக்கு டேப் பிடித்து இரண்டு அளவும் ஒன்றாக வந்தால் சரி. 3 மி.மீ. வித்தியாசம் வரை டைல்ஸ் இடைவெளியில் சமாளித்துவிடலாம். அதற்கு மேல் போனால் ஓரப்பட்டி ஒரு பக்கம் ஒல்லியாகவும் மறுபக்கம் தடியாகவும் தெரியும், எவ்வளவு நன்றாக முடித்தாலும் அந்தக் கோணல் மறையாது.

உயரத்தையும் இங்கேயே கூட்டிப் பாருங்கள். உதாரணத்துக்கு, பிளைவுட் 18 மி.மீ., சிமென்ட் போர்டு 12, அதன் கீழும் மேலும் பசை சேர்த்து ஒரு 5, டைல்ஸ் 9 என்றால் மொத்தம் 44 மி.மீ. பட்டியோ உலோக ஓரமோ இந்த 44-க்கு எங்கே நிற்கப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் வாங்க வேண்டும். பசை விஷயத்தில் ஒரு வார்த்தை. டப்பாவில் கலந்தே வருகிற மாஸ்டிக் வகைப் பசை அடுப்பு மேடைக்கு வேண்டாம், சூட்டில் அது பிடிப்பை இழக்கும். தண்ணீர் ஊற்றிக் கலக்கும் சிமென்ட் பசைதான் சரி, ஓரத்து டைல்ஸுக்கும் அதேதான்.

மர ஓரம்

பலருக்கும் இதுதான் பிடிக்கும், எனக்கும்தான். கல்லுக்குப் பக்கத்தில் தேக்கோ ஓக்கோ இருக்கும் அழகே தனி. மேலே சொன்ன தூரத்துக்கு வெளியே இருக்கிற வரை தாராளமாகப் போடலாம்.

மரத்தை வாங்கிவந்த அன்றே வெட்டாதீர்கள். எந்த அறையில் அடுப்பு இருக்கப்போகிறதோ அதே அறையில் ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், அடியில் ரீப்பர் கொடுத்துக் காற்றுப்படப் படுக்க வையுங்கள். மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறவே மாறாது, அகலவாக்கில் மட்டும்தான் காய்ந்தால் சுருங்கும், ஈரம் பட்டால் விரியும். அடுப்பு எரிகிற அறை வறண்டு போகும், பட்டி சுருங்கும், அப்போது மூலையில் 45 டிகிரியில் சேர்த்த இணைப்பு உள்பக்கமாக வாய் திறக்கும், வெளிமுனை மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். கோடையில் பார்த்தால் மூடியிருக்கும், குளிர்காலத்தில் திரும்பவும் திறக்கும். பட்டி எவ்வளவு அகலமோ அவ்வளவு பெரிதாகத் திறக்கும். அதனால் 40 அல்லது 50 மி.மீ. அகலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அகலமான பட்டிதான் வேண்டும் என்றால் 45 வெட்டை விட்டுவிட்டு, முன்பட்டியை முழு நீளத்துக்கு ஓடவிட்டு, பக்கப் பட்டிகளை அதன் பின்னால் நேராக முட்டவிடுங்கள். பழைய தச்சர்கள் பல இடங்களில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அது குறையும் அல்ல.

பட்டியைப் பிளைவுட்டின் பக்கத்தில்தான் திருகாணி போட்டுப் பிடிக்க வேண்டும். சிமென்ட் போர்டின் வெட்டுமுகத்தில் திருகாணி நிற்காது, பொடிந்து போகும். முன்துளை போடாமல் கெட்டி மரத்தில் திருகினால் முனையில் பிளந்துவிடும். திருகாணித் தலை உள்ளே போகிற அளவுக்கு 10 மி.மீ. துளை எடுத்து, திருகி, அதே மரத்தில் வெட்டின சிறு அடைப்பை வைத்து, ரேகை ஒத்துப்போகிற மாதிரி திருப்பி, பசை வைத்துத் தட்டிவிடுங்கள். காய்ந்ததும் உளியால் சீவி, உப்புத்தாள் 120, 180, 220 என்று வரிசையாகத் தேய்த்தால் எங்கே திருகினோம் என்று நமக்கே தேட வேண்டியிருக்கும். வார்னிஷோ எண்ணெயோ, எதுவானாலும் பட்டியின் ஆறு பக்கமும் பூச வேண்டும், பின்பக்கமும் வெட்டுமுனையும் சேர்த்து. முன்பக்கம் மட்டும் பூசினால் ஈரம் ஒரு பக்கமாகவே போய்வந்து பட்டி வளையும்.

உயரம்: பட்டியின் மேல்முகம் டைல்ஸோடு ஒரே மட்டம், அல்லது ஒரு மி.மீ. தாழ்வு. சிலர் டைல்ஸ் ஓரத்துக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று பட்டியைத் தூக்கி வைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தூக்கி வைத்தால் சாம்பலும் கங்கும் உருண்டு வந்து மரத்தின் மேலேயே சாய்ந்து நிற்கும், பெருக்கும்போதும் அந்த மூலையில்தான் எல்லாம் சேரும்.

இன்னொரு விஷயம். மேடை தரையோடு பிடிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால் பட்டியை ஒன்று மேடையோடு பிடியுங்கள், இல்லை தரையோடு பிடியுங்கள். இரண்டோடும் சேர்த்துப் பிடித்தால் மரத்தரை பருவத்துக்குப் பருவம் அசையும்போது பட்டி பிளக்கும், இல்லை ஓர டைல்ஸ் விட்டுவிடும்.

உலோக ஓரம்

அளவு குறுகலாக இருக்கிற இடத்துக்கு இதுதான் கைகொடுக்கும், ஏனென்றால் உலோகம் தீப்பிடிக்காத பரப்பிலேயே சேர்ந்துவிடும், அகலத்தையும் தின்னாது. எல் வடிவத்தில், ஒரு கால் முழுக்கத் துளைகளோடு வருகிற டைல் புரொஃபைல் எளிதானது. துளைக் காலைப் பசையில் அழுத்தி, அதன்மேல் டைல்ஸ் உட்காரும், துளைகள் வழியாகப் பசை ஏறிப் பிடித்துக்கொள்ளும். இதை டைல்ஸ் ஒட்டின பிறகு செருக முடியாது, முதலிலேயே தீர்மானிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். டைல்ஸின் தடிமனுக்குத் தகுந்த உயரத்தில் வாங்குங்கள். உலோகம் டைல்ஸைவிட உயரமாக ஒருபோதும் நிற்கக்கூடாது, ஒரே மட்டம் அல்லது ஒரு மி.மீ. தாழ்வு போதும். டைல்ஸுக்கும் உலோகத்துக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி விட்டு குரவுட், அதாவது டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கலவை, நிரப்புங்கள்.

எவர்சில்வர் வகை எடுப்பதென்றால் கவலை இல்லை. அலுமினியம் எடுத்தால், ஈர சிமென்ட் பசை அதன்மேல் பட்டதும் உடனே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். சிமென்டின் காரம் அலுமினியத்தை அரித்துச் சாம்பல் கறை போட்டுவிடும், அது பிறகு போகாது. வெட்டுவதற்கு நெருக்கமான பல் உள்ள ஹேக்சா பிளேடு, அடியில் மரத்துண்டு முட்டுக்கொடுத்து, அவசரப்படாமல். வெட்டின முனையை அரத்தால் இரண்டு தேய்ப்புத் தேய்க்காமல் விட்டால் துடைக்கிற கையை அது கிழிக்கும்.

கொஞ்சம் முரட்டுத் தோற்றம் பிடிக்கும் என்றால் 3 மி.மீ. தடிமன் இரும்பு எல் ஆங்கிளை மேடையைச் சுற்றி வெல்டிங் செய்து ஒரே சட்டமாகப் போடலாம். டைல்ஸ் ஓரத்துக்கு இதைவிடக் கெட்டியான காவல் கிடையாது. சட்டத்தை மேடையைவிட 3 மி.மீ. பெரிதாகச் செய்யுங்கள். ஒன்றரை மீட்டர் நீள இரும்பு 40 டிகிரி சூடு ஏறினால் முக்கால் மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக நீளும், அதே நீள அலுமினியம் 1.4 மி.மீ. நீளும். சின்ன அளவுதான், ஆனால் இறுக்கிப் பிடித்த டைல்ஸை விரிசல் விட வைக்க அது போதும். இரும்புக்குப் பெயின்ட் அடிக்கும்போது, அடுப்புக்கு அடிக்கிற அதே சூடு தாங்கும் பெயின்டை அடித்தால் நிறம் ஒத்துப்போகும் என்று நினைப்பார்கள். அந்தப் பெயின்ட் நல்ல சூடு ஏறினால்தான் இறுகும். மேடை ஓரம் அவ்வளவு சூடாகவே போவதில்லை என்பதால் அது கடைசி வரை மென்மையாகவே இருந்து, செருப்பு பட்டாலே கீறல் விழும். இங்கே சாதாரண மேட் கருப்பு எனாமல்தான் நிற்கும்.

டைல்ஸும் கல்லும் தங்கள் ஓரத்தைத் தாங்களே முடித்தால்

ஒரு பக்கம் உருட்டி வருகிற புல்நோஸ் டைல்ஸ் உங்கள் வகையிலேயே கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், வாங்கி ஓரத்தில் வையுங்கள். கிடைக்காவிட்டால், முழுத் தடிமனுக்கும் ஒரே நிறமாக இருக்கும் போர்சலின் அல்லது கல்லை நீங்களே ஓரம் தேய்க்கலாம். மேலே மட்டும் மெருகு பூசின செராமிக்கைத் தேய்த்தால் உள்ளே இருக்கிற மண் நிறம் வெளியே வரும், அதற்கு உலோக ஓரம்தான் சரி.

தேய்ப்பதற்கு வைர உப்புத்தாள், அதாவது கையில் பிடித்துத் தேய்க்கும் டயமண்ட் பேட் போதும். கல்லை ஒரு மேஜை ஓரத்தில் பிடித்து, பேடைத் தண்ணீரில் நனைத்து, 45 டிகிரி சாய்வில் ஒரே திசையில் இழுங்கள். முதலில் 60 அல்லது 100, கூர் போய் 2 மி.மீ. அகலத்துக்கு ஒரு சாய்வு விழும். அடுத்து 200, பிறகு 400. ஸ்லேட் கல்லுக்கு 400-லேயே நிறுத்திவிடலாம், அதன் மேல்முகமே மினுக்கில்லாததுதான். கிரானைட்டின் முகம் பளபளப்பு என்றால் 800, 1500, 3000 என்று போக வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும். அந்த 2 மி.மீ. சாய்வு பார்வைக்கு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் கூராக விட்ட ஓரத்தில் ஒரு விறகுக்கட்டை விழுந்தால் சில்லு பெயரும், சாய்த்து விட்ட ஓரம் அதே அடியைத் தாங்கிக்கொள்ளும். கடைசியில் கல்லைக் கழுவி ஒரு நாள் காயவிட்டு, கல்லுக்கான சீலரை வெட்டுமுகத்திலும் சேர்த்துப் பூசுங்கள், தேய்த்த இடம் வெளுத்துத் தெரிவது குறையும்.

கிரைண்டரில் காய்ந்த நிலையில் வெட்டாதீர்கள். கல், டைல்ஸ், சிமென்ட் போர்டு எல்லாவற்றின் தூசியிலும் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் போனால் திரும்ப வராது. தண்ணீர் விட்டு வெட்டுங்கள், நல்ல மாஸ்க், கண்ணாடி இரண்டும் கட்டாயம். சிமென்ட் போர்டைக் கார்பைடு முனைக் கத்தியால் கீறி ஒடித்தால் தூசி மிகக் குறைவு.

செங்கல் மேடைக்கு ஓரம் தனியாக யோசிக்க வேண்டியதில்லை. கடைசி வரிசையைக் குத்தாக நிறுத்தி வைத்தால் அதுவே ஓரம். மூலைக் கல் மட்டும் முழுக்கல்லாக இருக்கட்டும், அரைக்கல் மூலையில் நிற்காது.

மேடை உயரமாக இருந்தால் பக்கவாட்டு முகம்

100, 150 மி.மீ. தூக்கின மேடை என்றால் பக்கத்தையும் மூட வேண்டும். அதே டைல்ஸைக் கீற்றாக வெட்டி நிறுத்தி ஒட்டுவதுதான் வழக்கம். இதில் மேல் டைல்ஸ், பக்கக் கீற்றின் தலையை மூடிக்கொண்டு வர வேண்டும். கீற்று மேல்வரைக்கும் வந்து மேல் டைல்ஸ் அதன் பின்னால் முடிந்தால், மேலிருந்து பார்க்கிறவர் கண்ணில் கீற்றின் வெட்டுமுகம் படும், காலும் அந்த இணைப்பில்தான் தட்டும். ஆகவே முதலில் பக்கம், பிறகு மேல். கீற்றுகளின் அடியில் 3 மி.மீ. ஸ்பேசர் வைத்து, தரையைத் தொடாமல் நிறுத்துங்கள், பசை இறுகும் வரை மாஸ்கிங் டேப்பால் மேலிருந்து இழுத்துப் பிடித்து வையுங்கள். பக்கத்து மூட்டும் மேல் மூட்டும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால் வேலை தெரிந்தவர் செய்தது என்று பார்த்தவுடனே தெரியும்.

இதற்கு மாறாக மேடை தரையிலிருந்து 15, 20 மி.மீ. மட்டுமே உயரம் என்றால் அதுதான் காலுக்கு எதிரி. கண்ணுக்குத் தெரியாது, கால் விரல் மட்டும் கண்டுபிடிக்கும். அந்த உயரத்துக்குச் சாய்வான பட்டி போடுங்கள், தூரம் போதுமென்றால் மரத்தில், இல்லாவிட்டால் உலோகத்தில்.

மூலைகள்

இரண்டு சுவர் சேரும் மூலையில் அடுப்பு வைத்தால் மேடை ஐந்து பக்கமாக வரும். முன்னால் இரண்டு மூலையும் 135 டிகிரி, அதைச் சேர்க்க ஒவ்வொரு பட்டியையும் 22.5 டிகிரியில் வெட்ட வேண்டும், 45-ல் அல்ல. கணக்கு அப்படித்தான், ஆனால் சுவர் எதுவும் சரியான 90-ல் இருப்பதில்லை. சாய்வு மட்டத்தை உண்மையான மூலையில் வைத்துக் கோணத்தை எடுத்து, அதைப் பாதியாக்கி, முதலில் இரண்டு வீண் துண்டுகளில் வெட்டிச் சேர்த்துப் பாருங்கள். நேரான மேடைக்குக்கூட முன் மூலை இரண்டையும் இப்படி மழுக்கிவிடலாம், நடமாட்டம் அதிகம் இருக்கிற அறையில் அது முழங்காலைக் காப்பாற்றும். மழுக்கிய பிறகும் அடுப்பிலிருந்து அந்தச் சாய்வுக் கோட்டுக்கு வேண்டிய தூரம் இருக்கிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

கடைசி இடைவெளி

டைல்ஸுக்கும் மரப்பட்டிக்கும் நடுவே, மேடைக்கும் தரைக்கும் நடுவே, மேடைக்கும் சுவருக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும், அதில் குரவுட் போகக்கூடாது. மரம் அசையும், கல் அசையாது. நடுவில் இறுகின குரவுட் முதல் குளிர்காலத்திலேயே மயிரிழையாகப் பிளந்து, அடுத்த வருடம் துகள் துகளாக வெளியே வரும். அந்த வெற்றுப் பிளவில் ஒரு சிறு கங்கு விழுந்தால் நேராகப் பிளைவுட்டின் மேல் போய் உட்காரும். அதனால் ரப்பர் மாதிரி வளைந்துகொடுக்கும் சிலிக்கான் அடைப்புதான், குரவுட்டின் நிறத்திலேயே கிடைக்கும். ஓரத்தில் வருகிற சூட்டுக்குச் சாதாரண சிலிக்கானே தாராளம்.

குரவுட் போட்டு மூன்று நாள் காய்ந்த பிறகு இதைச் செய்யுங்கள். இடைவெளியில் இருக்கிற தூசியை வேக்குவத்தால் உறிஞ்சி எடுங்கள், பசைத் துணுக்கு நீட்டிக்கொண்டிருந்தால் கத்தி முனையால் நெம்பிவிடுங்கள். ஆழம் அதிகமென்றால் அதற்கென்றே வருகிற ஃபோம் கயிற்றை உள்ளே அழுத்தி, மேலே 3, 4 மி.மீ. ஆழம் மட்டும் காலியாக விடுங்கள். இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப், இடைவெளியின் விளிம்பிலிருந்து ஒரு மயிரிழை தள்ளி. துப்பாக்கியில் பொருத்தும் சிலிக்கான் குழாயின் மூக்கை இடைவெளியைவிடக் கொஞ்சம் சின்னதாக, சாய்வாக வெட்டுங்கள். ஒரு மூலையில் தொடங்கி, கையை நிறுத்தாமல், துப்பாக்கியைத் தள்ளிக்கொண்டே போங்கள். இழுப்பதைவிடத் தள்ளினால் சிலிக்கான் உள்ளே இறங்கும். ஒரு மீட்டர் முடிந்ததும் விரலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒரே இழுப்பாக வழித்துவிடுங்கள், நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு மேடு நிற்கும். உடனே, ஈரமாக இருக்கும்போதே, டேப்பை 45 டிகிரி சாய்வில் வெளிப்பக்கமாக உரித்துவிட வேண்டும். பத்து நிமிடம் தாமதித்தால் மேலே தோல் கட்டி, டேப்போடு சேர்ந்து அதுவும் பிய்ந்து வரும். உரித்த பிறகு திரும்பத் தொடாதீர்கள், லேசான அலை இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பழைய மேடை அளவு போதாமல் முன்னால் ஒரு பட்டைக் கல் கூட்டுகிறவர்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். பழையதும் புதியதும் சேருகிற கோட்டின் அடியில் ஒரு கை அகல இரும்புத் தகட்டை முழு நீளத்துக்கும் வைத்துவிட்டுத்தான் கல்லை ஒட்ட வேண்டும். மேலே இணைப்பு விரிந்தாலும் கங்கு தகட்டோடு நிற்கும்.

அடுப்பை ஏற்றுவது

இவ்வளவும் செய்துவிட்டு, 150 கிலோ அடுப்பை ஏற்றும்போது அதன் கால் ஒன்று ஓர டைல்ஸின் விளிம்பில் ஏறி நின்றால் சில்லு பெயர்ந்துவிடும். தடித்த பலகை இரண்டு எடுத்து, தரையிலிருந்து மேடையின் உள்பக்கம் வரை பாலம் மாதிரி போடுங்கள். உள்முனையின் அடியில் ஒரு பழைய கம்பளத் துண்டும் அரை அங்குல பிளைவுட் துண்டும் வைத்தால் பலகை ஓரத்தைத் தொடாமல் தாண்டிப் போகும், பாரம் முழுவதும் நடுவில் இறங்கும். மரப்பட்டி என்றால் அடுப்பு உட்கார்ந்த பிறகு பொருத்துவதே நல்லது, முன்பே அளந்து வெட்டி, பூசி, தயாராக வைத்துக்கொண்டால் அரை மணி நேர வேலை.

பசைப் பையில் எழுதியிருக்கும் காயும் நேரம் முழுவதும் போகட்டும், ஒரு வாரமாவது விடுங்கள். முதல் நெருப்பு சுள்ளி அளவில், அடுத்தது கொஞ்சம் பெரிதாக, அப்படியே ஏற்றுங்கள். பசையில் மிச்சமிருக்கிற ஈரம் மெதுவாகப் போனால்தான் விரிசல் வராது. முழு நெருப்பு இரண்டு மணி நேரம் எரிந்த ஒரு நாளில் குனிந்து ஓரப்பட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கையை அங்கேயே வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அந்த நெருப்பை அணையவிட்டு, அடுப்பின் தூரத்தைத் திரும்ப அளக்காமல் அடுத்த நெருப்பு போடாதீர்கள்.